ஃபிராங்க் டிகெலி யார், அவருடைய பேண்ட் இசையை நம் பிள்ளைகள் வாசிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஹூஸ்டனில் இருக்கும் உங்கள் அக்கா மகன் பள்ளி பேண்டில் 'கேஜன் ஃபோக் சாங்ஸ்' வாசித்த வீடியோவை அனுப்பியிருக்கிறான், அதில் ஃபிராங்க் டிகெலி என்ற பெயரைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் யார், என்னென்ன எழுதியிருக்கிறார், லாஸ்பேட்டையில் எட்டாவது படிக்கும் உங்கள் மகள் கிளாரினெட்டில் இதையெல்லாம் வாசிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். நடுவில், "பேண்ட் என்றால் மார்ச், கல்யாண ஊர்வலம், ஆகஸ்ட் 15 கொடியேற்றம், அவ்வளவுதானே, இதற்கென்று ஒருவர் வாழ்நாள் முழுக்க இசை எழுதுவாரா?" என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. மகள் பிடித்திருக்கும் வாத்தியத்துக்கு அணிவகுப்பைத் தாண்டி ஒரு உலகம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். இருக்கிறது, பெரிய உலகமாகவே இருக்கிறது.

நான் கடலூர்க்காரன். ராணுவ பேண்டில் 22 வருஷம் கிளாரினெட் வாசித்தேன், பச்மரியில் ராணுவ இசைப் பயிற்சி எடுத்தவன், ஓய்வுக்குப் பிறகு மஞ்சக்குப்பத்தில் வீட்டு மாடியில் சனி ஞாயிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டிகெலியின் இசையில் இரண்டு உருப்படிகளை நானே உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். மற்றதெல்லாம் ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியப் பாகங்களும் சேர்ந்த இசைப் பிரதியை, கையில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆகவே கீழே வருஷம், ஊர், யாருக்காக எழுதினார் என்று நான் சொல்வதெல்லாம் பதிவாக இருக்கிற விஷயம். 'இது இப்படி ஒலிக்கிறது', 'இது நம் ராகம் போல இருக்கிறது' என்று சொல்லும் இடமெல்லாம் என் காது சொல்வது. அதுவும் ஒரு கிளாரினெட்காரனின் காது, மர வாத்தியங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் பெயர். நம் ஆட்கள் பலரும் 'டிச்செலி' என்கிறார்கள். அது இத்தாலிய வழிப் பெயர், Ticheli என்று எழுதுவார்கள், அந்த மொழியில் che என்ற எழுத்துக் கூட்டுக்கு 'கெ' என்றுதான் ஒலி, அதனால் டிகெலி. 1958 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் லாப்ளேஸ் என்ற ஊரில் வளர்ந்தார். நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பிறந்த ஊர், தெருவில் பேண்ட் போகும், சாவுக்கும் பேண்ட் போகும், அந்தச் சத்தம் காதில் விழுந்தே வளர்ந்த பையன், கையில் ட்ரம்பெட். பிறகு குடும்பம் டெக்சாஸில் டல்லஸ் பக்கத்தில் உள்ள ரிச்சர்ட்சனுக்குப் போனது, பள்ளிப் படிப்பு அங்கே முடிந்தது. டல்லஸில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம், மேல்படிப்பும் டாக்டர் பட்டமும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அங்கே வில்லியம் ஆல்பிரைட், லெஸ்லி பாசெட், வில்லியம் போல்காம் போன்றவர்களிடம் இசையமைப்புப் படித்தார். 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில் பேராசிரியராகச் சேர்ந்து அங்கேயே நீண்ட காலம் கற்பித்தார். 1991 முதல் 1998 வரை பசிஃபிக் சிம்பொனி என்ற ஆர்கெஸ்ட்ராவுக்கு உறைவிட இசையமைப்பாளர் (அந்தக் குழுவோடு சேர்ந்து இருந்து எழுதுகிறவர்). அதாவது வயலின், செல்லோ உள்ள பெரிய குழுவுக்கு எழுதத் தெரியாமல் பேண்டுக்கு வந்தவர் இல்லை. இரண்டுக்கும் எழுதத் தெரிந்தவர், பேண்டையும் நெஞ்சார விரும்பி எழுதுகிறவர்.

இங்கே கான்சர்ட் பேண்ட் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. நடந்துகொண்டு வாசிப்பது வேறு. இது மேடையில் உட்கார்ந்து வாசிப்பது. ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், சாக்ஸஃபோன், அப்புறம் ட்ரம்பெட், ஹார்ன், ட்ரோம்போன், யூஃபோனியம், டியூபா, பின்னால் தாள வாத்தியங்கள் ஒரு வரிசை. வயலின் குடும்பம் கிடையாது. மூச்சும் தோலும் உலோகமும்தான். இதற்கென்று பெரிய இசையமைப்பாளர்கள் எழுதுவது டிகெலியோடு தொடங்கியதும் இல்லை. இங்கிலாந்தின் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1909-லேயே ராணுவ பேண்டுக்கு ஒரு ஸ்வீட் (suite, பல பாகங்கள் கொண்ட தொகுப்பு) எழுதிவிட்டார், இன்றுவரை அதை வாசிக்காத ராணுவ பேண்ட் இருக்காது. பெர்சி கிரெய்ஞ்சர் 1937-ல் லிங்கன்ஷையர் நாட்டுப் பாட்டுகளை வைத்து ஒரு பெரிய உருப்படி செய்தார். 1952-ல் ஃபிரெடெரிக் ஃபென்னல் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் ஒரு பாகத்துக்கு ஒரே ஆள் என்ற கணக்கில் காற்று வாத்தியக் குழுவை அமைத்த பிறகு இசையமைப்பாளர்களுக்கு நுட்பமாக எழுத இன்னும் தைரியம் வந்தது. இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டியவர் டிகெலி.

நம் பக்கத்திலும் பேண்ட் சத்தத்தைப் பெரியவர்கள் இளக்காரமாக நினைக்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் மணலியில் இருந்த காலத்தில் ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலேய பேண்ட் வாசித்ததைக் கேட்டு அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் செய்தார், அவைதான் நோட்டுஸ்வரங்கள். உங்கள் மகள் இன்று ஊதும் கிளாரினெட்டே பேண்ட் வழியாக வந்து சதிர் என்ற அந்தக்கால நாட்டியக் கச்சேரிக்குள் நுழைந்து, கடைசியில் ஏ.கே.சி. நடராஜன் கையில் முழு ராக ஆலாபனை வாசித்த வாத்தியம்.

இப்போது உங்கள் வீடியோவில் உள்ள உருப்படிக்கு வருகிறேன், ஏனென்றால் புதுச்சேரிக்காரரான உங்களுக்கு அதில் தனியாக ஒரு ஒட்டு இருக்கிறது. கேஜன் என்றால் யார்? 1600-களின் தொடக்கத்தில் ஃபிரான்ஸிலிருந்து போய் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் அகேடியா என்ற பகுதியில் குடியேறிய விவசாயிகளின் வழிவந்தவர்கள். 1755-ல் ஆங்கிலேயர்கள் அவர்களை வீடு வாசலிலிருந்து கிளப்பிக் கப்பலில் ஏற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து அவர்களில் பலர் தெற்கு லூயிசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து சேர்ந்தார்கள். அகேடியன் என்ற பெயரே வாயில் தேய்ந்து கேஜன் ஆனது. இதே பகைதான் இந்தக் கரையிலும் நடந்தது. 1758-ல் ஃபிரெஞ்சுத் தளபதி லாலியின் படை எங்கள் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தது, 1761-ல் ஆங்கிலேயர் உங்கள் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இரண்டு ராஜாக்கள் சண்டை போட்டதில் அங்கே ஒரு சனம் ஊர் இழந்தது, இங்கே நம் ஊர்கள் இடிந்தன. நான் அந்த உருப்படியை வாசிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

அந்த மக்கள் ஃபிரெஞ்சில் பாடிய பாட்டுகளை 1934-ல் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் லூயிசியானாவில் ஊர் ஊராகப் போய் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவு செய்தார்கள். ஆலனுக்கு அப்போது 19 வயது. அந்தப் பதிவுகளிலிருந்து இரண்டு பாட்டை எடுத்துத்தான் டிகெலி 1990-ல் 'கேஜன் ஃபோக் சாங்ஸ்' எழுதினார். முதல் பாட்டு 'லா பெல் எ ல கபித்தேன்', தன்னை மயக்கப் பார்க்கும் கப்பித்தானிடமிருந்து தப்பிக்கச் செத்துப்போனது போல நடிக்கும் பெண்ணின் கதை. இரண்டாவது 'பெல்'. ஒருவன் டெக்சாஸுக்குப் போகிறான், காதலிக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வருகிறது, ஓடி வந்து பார்த்தால் அவள் நினைவில்லாமல் கிடக்கிறாள், குதிரையை அடகு வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான், முடியவில்லை. நம் ஊர் ஒப்பாரியில் வரும் கதையேதான். நீங்கள் ஃபிரெஞ்சு தெரிந்த குடும்பமாக இருந்தால் பாட்டின் வரிகளைத் தேடி மகளுக்குப் படித்துக் காட்டுங்கள், ஊதும் விதமே மாறிவிடும்.

இசையாகப் பார்த்தால், முதல் பாட்டு தனி சாக்ஸஃபோனில் அமைதியாகத் தொடங்கும். மெட்டு டோரியன் என்று அவர்கள் சொல்லும் முறையில் இருக்கிறது. ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் அது நம் கரகரப்பிரியா, 22-வது மேளம். இதுவரை உறுதி. ஆனால் அதைக் கரகரப்பிரியா ராகம் என்று சொல்லலாமா என்றால் நான் தயங்குவேன், கமகம் கிடையாது, ராகத்தின் பிடிகள் கிடையாது, ஸ்வர வரிசை ஒன்று, நடை வேறு. இன்னொன்று, அந்த மெட்டு இரண்டு எண்ணிக்கைக்கும் மூன்று எண்ணிக்கைக்கும் மாறி மாறித் தாவும். பேசுவது போலப் பாடின பாட்டு, அதைக் கட்டத்துக்குள் அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். எண்ணிக்கொண்டே ஊதும் பிள்ளைகள் இங்கே தடுக்கி விழுவார்கள், பாட்டை வாயால் பாடிப் பழகிய பிள்ளைகள் விழமாட்டார்கள். நான் வகுப்பில் முதலில் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுப் பாடத்தான் சொல்வேன்.

இரண்டாவது பாட்டில் அவர் செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நம் வழக்கத்தில் ஒரு பல்லவியை எடுத்துச் சங்கதி சங்கதியாக மாற்றுவோம், சுற்றியுள்ள சுருதியும் தாளமும் அப்படியே நிற்கும். அவர் தலைகீழாகச் செய்கிறார். மெட்டை அதிகம் தொடுவதில்லை. ட்ரம்பெட், ஓபோ, கிளாரினெட், டியூபா என்று கைமாற்றிக் கொடுக்கிறார், ஒவ்வொரு தடவையும் அதைச் சுற்றி இருக்கிற சத்தம் மாறுகிறது. ஒரு தாளக்கட்டு மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும், சில இடத்தில் முன்னால் வரும், சில இடத்தில் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அதே பாட்டி, அதே புடவை, ஆனால் காலையில் வாசலிலும் மதியம் அடுப்படியிலும் சாயங்காலம் கோயில் பிரகாரத்திலும் பார்க்கிற மாதிரி.

இதை அவர் யாருக்காக எழுதினார் தெரியுமா? டெக்சாஸ் ஆஸ்டினில் உள்ள மர்ச்சிசன் நடுநிலைப் பள்ளியின் பேண்டுக்காக. அந்தப் பள்ளி கேட்டு எழுதி வாங்கியது, 1990 மே 22 அன்று அந்தப் பிள்ளைகளே முதலில் வாசித்தார்கள். அங்கே நடுநிலைப் பள்ளி என்றால் நம் ஆறாவது முதல் எட்டாவது வரை, உங்கள் மகள் வயது. பேராசிரியர் ஒருவர் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்து, அவர்கள் விரல் எட்டும் உயரத்துக்குள், அவர்கள் மூச்சு தாங்கும் நீளத்துக்குள், தன் முழுப் புலமையையும் இறக்கி எழுதியிருக்கிறார். பேண்டுக்கென்று ஒருவர் வாழ்நாள் முழுக்க எழுதுவாரா என்று கேட்டீர்களே, என் பதில் இதில்தான் இருக்கிறது. கஷ்டமாக எழுதுவது பலருக்கும் வரும். எளிதாக எழுதியும் இசையைக் குறைக்காமல் இருப்பது மிகச் சிலருக்குத்தான் வரும்.

இதற்கு அவரே வைத்துக்கொண்ட பரீட்சை ஒன்று உண்டு. 2005-ல் 'ஜாய்', 'ஜாய் ரிவிசிட்டட்' என்று இரண்டு உருப்படிகள் எழுதினார். முதல் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் தோன்றிய மெட்டு. அதே மெட்டு, அதே உணர்வு, ஒன்று சின்னப் பிள்ளைகளின் பேண்டுக்கு, மற்றொன்று தேர்ந்தவர்களுக்கு. அச்சு அசலாக இல்லாத இரட்டைக் குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு ஸ்கோரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு மழைக்கால வாரம் முழுக்கப் பார்த்தேன். பெரியவர்களுடையதில் மெட்டு இன்னும் வளைந்து நெளிந்து போகிறது, வளர்க்கும் இடங்கள் நீளம். சின்னவர்களுடையதில் அதெல்லாம் இல்லை. ஆனால் துள்ளல் ஒரு துளி குறையவில்லை. இசையமைப்புப் படிக்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்றுதான்.

பேண்ட் உருப்படிகளுக்கு அங்கே 1 முதல் 6 வரை தரம் போடுவார்கள், 1 தொடக்கநிலை, 6 தொழில்முறை அளவு. பதிப்பகத்துக்குப் பதிப்பகம், பட்டியலுக்குப் பட்டியல் இது ஒரு படி முன்பின்னாக இருக்கும், வேதவாக்காக எடுக்க வேண்டாம். டிகெலியின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ க்ளவுன்' தரம் 2-ஐ ஒட்டி வரும், கேஜன் பாட்டுகள் தரம் 3-ஐ ஒட்டி வரும். 'ப்ளூ ஷேட்ஸ்' மேல் தட்டில் இருக்கிறது. அதைக் கிளாரினெட் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது கேட்க வேண்டும். 30 பேண்டுகள் சேர்ந்து, பல்கலைக்கழகம், ஊர்க் குழு, பள்ளி எல்லாம் கலந்து, பணம் போட்டு எழுதி வாங்கிய உருப்படி அது, ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி. பேண்ட் உலகத்தில் இது வழக்கம், ஒரு பணக்காரப் புரவலரை நம்பி இல்லாமல் வாசிக்கிறவர்களே சேர்ந்து இசையை வரவழைத்துக்கொள்கிறார்கள். உருப்படி முழுக்க ப்ளூஸ் வாடை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டு வகை அது. நேரடி ப்ளூஸ் இல்லை, ஆனால் அந்த இறக்கிய காந்தாரமும் நிஷாதமும் எங்கும் இருக்கின்றன. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஊசலாடும் இடத்தை அவர்கள் ப்ளூ நோட் என்கிறார்கள், நம் காதுக்கு அது அந்நியமாகவே படாது. நடுவில் ஜாஸ் கிளாரினெட் மேதை பென்னி குட்மனுக்கு வணக்கம் சொல்வது போல ஒரு கிளாரினெட் தனி வரும், ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டை) நன்றாக இல்லையென்றால் அந்த இடத்தில் மானம் போய்விடும். 2010-ல் கிளாரினெட்டுக்கென்றே ஒரு கான்செர்ட்டோவும் (ஒருவர் தனியாக முன்னின்று வாசிக்க, குழு உடன் வாசிப்பது) எழுதினார், மூன்று பாகம், அமெரிக்க இசையமைப்பாளர்கள் ஜார்ஜ் கெர்ஷ்வின், ஆரன் கோப்லண்ட், லெனர்ட் பெர்ன்ஸ்டைன் மூவருக்கும் ஒவ்வொன்றாக.

'வெசுவியஸ்' 1999-ல் வந்தது, பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். ரோமானிய மதுக் கடவுளின் திருவிழாவில் ஆடும் வெறியாட்டமாக ஆரம்பத்தில் நினைத்தாராம். எழுத எழுத அது வெடித்துக் கிளம்பவே, கி.பி. 79-ல் பொம்பெய் நகரத்தை மூடிய எரிமலையின் பெயரை வைத்துவிட்டார். உள்ளே செத்தவர்களுக்கான லத்தீன் பூசைப் பாட்டின் மெட்டு ஒன்று வந்து போகும். அதே காலத்து ரோமானியத் திராட்சை மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் அரிக்கமேட்டில் கிடைத்திருக்கின்றன, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வாருங்கள்.

இப்போது நான் மெதுவாகச் சொல்ல விரும்பும் பகுதி. டிகெலியின் உருப்படிகளில் பல, இறந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. 'அமேஸிங் கிரேஸ்' மிச்சிகனில் ஒரு பேண்ட் நடத்துநர் தன் தந்தையின் நினைவாகக் கேட்டு வாங்கியது, 1994 பிப்ரவரியில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலில் ஒலித்தது. அடிமைக் கப்பல் நடத்திப் பிறகு மனம் மாறிய ஜான் நியூட்டன் எழுதிய பாட்டு, நம் ஊர் தேவாலயங்களில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். மெட்டு ஐந்தே ஸ்வரம், நம் மோகனத்தின் ஸ்வரங்கள். 'ஷெனண்டோவா' ஆஸ்டினில் ஒரு நடுநிலைப் பள்ளி பேண்டில் ஹார்ன் வாசித்து, சின்ன வயதிலேயே இறந்துபோன ஒரு பையனின் நினைவாக அந்தப் பள்ளி கேட்டு வாங்கியது. அந்தப் பாட்டின் மூலம் பற்றிப் பல கதைகள் உண்டு. நதியைப் பற்றியது என்பார்கள், ஒரு செவ்விந்தியத் தலைவரைப் பற்றியது என்பார்கள், மாலுமிப் பாட்டு என்பார்கள். யாரும் முடிவாகச் சொல்லவில்லை, யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். டிகெலியின் அமைப்பில் ஓர் இடத்தில் மூன்று ஃப்ளூட்டுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு அதே மெட்டை வாசிக்கும், கீழே மற்றதெல்லாம் உறைந்து நிற்கும். நான் மேடையில் வாசித்த இரண்டில் இது ஒன்று. அந்த இடத்தில் கிளாரினெட்டுக்கு நீண்ட ஸ்வரம் பிடிப்பதைத் தவிர வேலை இல்லை, அந்த நீண்ட ஸ்வரத்தைப் பிடிப்பதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் ஒன்று.

அடுத்தது 'ஆன் அமெரிக்கன் எலெஜி', எலெஜி என்றால் இரங்கல் பாட்டு. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேண்ட் மாணவர்கள் அமைப்பு ஒன்று முன்னின்று பணம் திரட்டி இந்த உருப்படியை எழுதச் செய்தது. 2000 ஏப்ரல் 23 அன்று, ஒரு வருஷம் கழித்து, அதே கொலம்பைன் பள்ளியின் பேண்ட் பிள்ளைகள்தான் இதை முதலில் வாசித்தார்கள். நண்பர்களை இழந்த பிள்ளைகள். உள்ளே அந்தப் பள்ளியின் பாட்டு வருகிறது. ஓர் இடத்தில் மேடைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு ட்ரம்பெட் கேட்கும். அழுகையாகவே முடித்துவிடக் கூடாது, நம்பிக்கையைச் சொல்ல வேண்டும் என்று எண்ணி எழுதியது என்பது ஸ்கோரின் முன்குறிப்பிலேயே இருக்கிறது.

துக்கத்துக்கு பேண்ட் எதற்கு என்று நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள், சாவு வீட்டுக்கு பேண்ட் செட் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நான் விடுப்பில் வந்தபோது தேவனாம்பட்டினம் கரையில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தேன். கையில் வாத்தியம் இருந்தது, ஊத முடியவில்லை. சில வருஷம் கழித்து இந்த எலெஜியின் ஒலிப்பதிவு முதன்முதலாகக் கையில் கிடைத்தபோது, அந்த வெளி ட்ரம்பெட் வரும் இடத்தில் எனக்கு அந்தக் கரைதான் தெரிந்தது. இசை விமர்சனமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒருவனுக்கு இப்படி ஆனது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய படைப்புகளில் இரண்டை மட்டும் சொல்லி முடிக்கிறேன். இரண்டாம் சிம்பொனி 2003-ல் வந்தது, மூன்று பாகம், கடைசிப் பாகத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அமைத்த ஒரு கோரல் (தேவாலயக் கூட்டுப் பாட்டு) மெட்டை உள்ளே நெய்திருக்கிறார். அதற்கு 2006-ல் அமெரிக்க பேண்ட் உலகின் முக்கியமான பரிசுகளில் ஒன்றான ரெவெல்லி பரிசு கிடைத்தது. தொழில்முறைக் குழுவுக்கே வியர்க்கும் உருப்படி. மற்றது 'ஏஞ்சல்ஸ் இன் த ஆர்க்கிடெக்சர்', 2008 ஜூலை 6 அன்று சிட்னி ஓபரா ஹவுஸில் ஆஸ்திரேலிய, அமெரிக்க இளைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து முதலில் வாசித்தது. அந்த அரங்கத்து மேடைக்கு மேல் அப்போது ஒளிவட்டம் போலத் தொங்கிய ஒலித்தகடுகளைப் பார்த்து வந்த யோசனை. ஒரு பெண் குரல் தனியாக ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பக்திப் பாட்டு ஒன்றைப் பாட, நெளிநெளியான பிளாஸ்டிக் குழாய்களைச் சுழற்றி ஒரு ஊதல் ஓசை எழுப்புவார்கள். பிறகு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் சண்டை, நடுவில் யூதப் பாட்டு ஒன்று, 16-ம் நூற்றாண்டு ஜெனீவாவின் பைபிள் சங்கீதப் பாட்டு மெட்டு ஒன்று. எனக்கு இதில் சண்டைப் பகுதி கொஞ்சம் நீளமாகப் படுகிறது, என் மாணவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கு அதுதான் உயிர்.

சரி, உங்கள் மகள். முடியும். ஆனால் தனியாக இல்லை, இது கூட்டமாக வாசிக்கும் இசை. நம் பள்ளி பேண்டுகளில் ஓபோ, பசூன், ஹார்ன் இருக்காது. என் மாடியில் மூன்று கிளாரினெட், இரண்டு ட்ரம்பெட், ஒரு யூஃபோனியம், ஒரு ஆல்ட்டோ சாக்ஸ், சைட் ட்ரம், பேஸ் ட்ரம், இவ்வளவுதான். பழைய சக பேண்ட்ஸ்மேன் ஒருவர் கேஜன் பாட்டுகளின் முழு செட்டையும் விலைக்கு வாங்கி அனுப்பினார், அதைத்தான் எடுத்தோம். இல்லாத வாத்தியத்தின் முக்கியமான வரிகள் வேறு பாகங்களில் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும் இடங்கள் உண்டு, அதைப் பிடித்து ஓபோ வரியைக் கிளாரினெட்டுக்குக் கொடுத்தோம். முழு நிறம் வராது, அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாட்டு வந்துவிட்டது. இந்த உருப்படிகள் காப்புரிமை உள்ளவை, மன்ஹாட்டன் பீச் மியூசிக் என்ற பதிப்பகம்தான் இவற்றில் பெரும்பாலானவற்றை வெளியிடுகிறது, ஜெராக்ஸ் எடுத்துப் பரப்ப வேண்டாம். உங்கள் பள்ளி பேண்ட் மாஸ்டரிடம் பேசுங்கள், இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து ஒரு செட் வாங்கினால் செலவு தெரியாது. கடற்கரை ஊரில் ரீட் சீக்கிரம் ஊறிப் போகும், மூன்று ரீட்டை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் 'பெல்' மெட்டை அக்கா மகனின் வீடியோவைக் கேட்டே பாடிப் பழகட்டும். மெட்டு நாட்டுப் பாட்டு, பாடுவதற்கு யாரும் காசு கேட்கப் போவதில்லை. பாடும்போது மூச்சு எங்கே எடுக்கிறாளோ அந்த இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அப்புறம் வாத்தியத்தில் ஊதும்போதும் அதே இடங்களில் எடுக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கடலூர் பக்கம் வந்தால் மூன்றாவது கிளாரினெட் பாகத்துக்கு ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, போன வருஷம் வாசித்த பையன் கல்லூரிக்குப் போய்விட்டான்.